சிவப்பை அமுக்கினவள்

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1991 ஜூலையில். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு நிர்வாகக் குழு நடத்திய உயர்நிலைப் பள்ளி அது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த கம்பெனி ஒன்று கம்ப்யூட்டரை நன்கொடையாகக் கொடுத்திருந்தது. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கொலையைத்தான் விசாரித்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து நல்ல சேதி ஒன்றாவது பத்திரிகையில் வரட்டும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்கலாம். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அறிவியல் அறையில் ஏற்றினார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பத்தாம் வகுப்பு சசிரேகா முதல் நாள் கடைசி ஆளாக நின்றாள். கணக்கு என்றால் அவளுக்குப் பயம். கணக்கு வகுப்பில் தெரியாது என்றால் முட்டி போட வேண்டும். தெரியும் என்று சொல்லித் தப்பாகப் போட்டாலும் முட்டிதான். அதனால் எல்லாரும் முன் பெஞ்சுக்காரன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பழகியிருந்தார்கள்.

பெட்டியில் ஓடும் பாடத்தை எழுதியவன் கம்பெனியிலிருந்து வந்த பகலவன் என்ற இளைஞன். திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டி வைத்திருந்தான். ஒரு கணக்கு வரும். விடை போடும் முன் பெட்டி கேட்கும்: தெரியுமா? மூன்று பொத்தான்கள் மேல் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது. பச்சை என்றால் நன்றாகத் தெரியும். மஞ்சள் என்றால் அரைகுறை. சிவப்பு என்றால் தெரியாது.

"இது வாத்தியார் இல்ல" என்றான் பகலவன். "தெரியலன்னு சொன்னா அடிக்காது, திட்டாது, யார்கிட்டயும் போட்டுக் குடுக்காது. நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு நாமளே கண்டுபுடிக்கணும். அதுக்குத்தான் இது."

பின்னாலிருந்து சுபாஷ் முணுமுணுத்தான். "செவப்ப அமுக்குனா நெத்தியில மக்குன்னு எழுதி வுட்டுரும்டா."

சிரித்துவிட்டு எல்லாரும் பச்சையை அமுக்கினார்கள். பச்சையை அமுக்கித் தப்பு விடை போட்டால் பெட்டி ‘தவறு’ என்று மட்டும் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். சுபாஷ் ஒரு பாடத்தை மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிட்டு நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சசிரேகா முதல் முறை சிவப்பை அமுக்கியது பயத்தில்தான். விரல் தானாகப் போனது. பெட்டி அந்தக் கணக்கைத் துண்டு துண்டாக உடைத்துக் கேட்டது. துண்டும் தெரியவில்லை. மறுபடி சிவப்பு. இன்னும் கீழே இறங்கிப் போனது. கடைசியில் ஆறாம் வகுப்புப் பின்னத்தில் வந்து நின்றது. அங்கேதான், நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது, அவள் வழி தவறியிருந்தாள். அது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் கூசவில்லை. வாரம் தவறாமல் சிவப்பு சிவப்பாக அமுக்கினாள். "இன்னாமே, பெட்டி தீப்புடிச்சிரப் போவுது" என்பான் சுபாஷ். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் ஒரு சூத்திரத்தை நினைத்துக்கொண்டு, தெரியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். உள்ளுக்குள் ஒரு நிறம் வரும். பெரும்பாலும் உண்மையான நிறம். மஞ்சள் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் புத்தகத்தைப் பிரிப்பாள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் நாலு வருஷத்தில் முதல் முறையாகக் கணக்கில் தேறினாள்.

யார் எப்போது எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்பதைப் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று பார்த்து அதைத் திருத்தி எழுதுவதற்காகப் பகலவன் செய்த ஏற்பாடு. அரையாண்டு முடிந்த வாரத்தில் அதைப் பெருமையோடு தலைமையாசிரியர் முனிரத்தினத்திடம் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று நிறங்களில் பட்டைகள். முனிரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு வேறு கவலை. அந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டினால் மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தச் சொல்லி எழுதிப் போடலாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பள்ளிப் பெயரில் அரசுத் தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்துவது எங்கும் உள்ள வழக்கம்தான். பெற்றோர் தாங்களாகவே நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் யாரை நிறுத்துவது என்பதில் சண்டை வந்தது. டியூஷன் பிள்ளைகளுக்கு வாத்தியார்கள் மார்க் கூட்டிப் போடுவது ஊருக்கே தெரியும். இந்த முறை அவருக்கு யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

சசிரேகாவின் அம்மா சின்னப்பொண்ணை வரச் சொல்லி அனுப்பினார். செங்கல் சூளையிலிருந்து அப்படியே வந்தவள், அறைக்குள் வராமல் கதவோரம் நின்றாள். மகள் பக்கத்தில்.

"பாரும்மா, இத நான் சொல்லல. கம்ப்யூட்டரே சொல்லுது. பள்ளிக்கூடத்துலயே உன் பொண்ணுக்குத்தான் செவப்பு ஜாஸ்தி. அடுத்த வருசம் பிரைவேட்டா எழுதட்டும்."

"சார், செவப்ப அமுக்குனாத்தான் சார் அது சொல்லிக் குடுக்கும்" என்றாள் சசிரேகா.

"தெரியாததுனாலதான அமுக்குன?"

"அப்பத் தெரியாது சார். இப்பத் தெரியும்."

"அது எதுலம்மா எழுதியிருக்கு?"

"அரப் பரிச்சையில பாஸ் சார்."

"அது நம்ம வாத்தியார் போட்ட மார்க்கு. இது மிஷினு. இதுக்கு மாமன் மச்சான் கெடையாது." முனிரத்தினம் பேப்பரை மேசைமேல் நகர்த்தினார். "யோசிச்சு வெள்ளிக்கெழம கையெழுத்துப் போடும்மா. பேரெல்லாம் திங்கக்கெழம அனுப்பணும்."

சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் வந்துதான் வெடித்தாள். "தெரிலன்னா வாய மூடிகினு இருக்கணும். எவனாவது போயி எனக்குத் தெரியாது தெரியாதுன்னு தண்டோரா போட்டுகினு கீறானா? சுபாசு எத்தினி செவப்பு அமுக்குனான்?"

"ஒண்ணு கூட இல்ல."

"அவன் பொழச்சிக்குவான். தண்டலத்துல புதுக் கம்பெனில பத்து பாஸான பொண்ணுங்களத்தான் எடுக்குறானுங்க. நீ என்னோட கல்லு தூக்க வா."

வியாழக்கிழமை பகலவன் வந்தபோது சசிரேகா அறிவியல் அறை வாசலிலேயே காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனான். குரல்கள் வெளியே கேட்டன. அது மார்க் இல்லை சார், அதைப் பார்த்து எடை போடக்கூடாது சார் என்றான் அவன். உங்கள் முதலாளிக்குப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன், அவரிடமே உங்கள் மிஷின் பொய் சொல்கிறதா என்று கேட்கட்டுமா என்றார் முனிரத்தினம். அதற்குப் பிறகு பகலவன் குரல் தணிந்துபோனது.

வெளியே வந்தவன் அவளைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினான்.

"பழையத அழிச்சிட்டு, எல்லாப் பாடத்தையும் உன்னத் திரும்ப ஒரு தடவ ஓட்டிக் காட்ட விடுங்கன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாரு. நாளைக்குக் காலையில. அவரும் கூட இருப்பாரு."

"சரிங்கண்ணா."

"சசிரேகா. எது வந்தாலும் பச்சையவே அமுக்கிடு."

"தெரியாதது வந்தா?"

"பச்சைதான். வெடைய அவரு பாக்கமாட்டாரு. பட்டையத்தான் பாப்பாரு."

"நீங்கதானண்ணா சொன்னீங்க, போட்டுக் குடுக்காதுன்னு."

அவன் வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்தது. முனிரத்தினம் அவள் தலைக்குப் பின்னால் நின்றார். அவர் போட்டிருந்த விபூதி வாசனை அவளுக்கு வந்தது. கணக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னம், சதவீதம், முக்கோணம் எல்லாம் அவளுக்கு உண்மையிலேயே பச்சை. விடைகளும் சரியாகவே விழுந்தன. இப்படி அமுக்குவதில் பொய் ஒன்றும் இல்லை என்று மனசு லேசாகத் தொடங்கியது.

அப்புறம் கூம்பு வந்தது. ஆரம் ஏழு, உயரம் இருபத்து நாலு, வளைபரப்பு என்ன? இந்தப் பாடத்தை நடத்தி முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சூத்திரம் வாயில் இருந்தது. ஆனால் அதில் எங்கோ ஒரு இடம் இடறியது. எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சிவப்பை அமுக்கினால் பெட்டி அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கும். விரல் சிவப்பின் மேல் போய் நின்றது.

பின்னால் முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார்.

அவள் பச்சையை அமுக்கினாள். ஐந்நூற்று இருபத்தெட்டு என்று போட்டாள். தவறு என்றது பெட்டி. உடனே அடுத்த கணக்கு வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் அவள் பெயருக்கு எதிரே பச்சைப் பட்டை திரையின் விளிம்பு வரை நீண்டிருந்தது. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல?" என்றார் முனிரத்தினம், நல்ல மனசோடுதான். ஜன்னலோரம் நின்றிருந்த பகலவன் ஸ்டெபிலைசரை அணைக்கக் குனிந்தான். குனிந்தவன் அவர் போகும் வரை நிமிரவில்லை.

திங்கட்கிழமை பரீட்சைக்கு அவள் பெயர் போனது. செய்தி அதற்குள் வகுப்பில் பரவிவிட்டது. அந்த வாரத்திலிருந்து யாரும் சிவப்பைத் தொடவில்லை. மஞ்சளைக்கூடத் தொடவில்லை. பாடங்கள் சீக்கிரம் முடிந்தன. பொங்கலுக்கு முன்னால் கம்பெனியிலிருந்து இருவர் வந்து, பச்சைப் பட்டைகள் நிறைந்த திரையை முனிரத்தினத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பரீட்சைக்குப் போகிறவர்கள் இனிப் பெட்டியைத் தொட வேண்டாம், ரெக்கார்டு கெட்டுவிடும் என்று உத்தரவு வந்தது. கூம்பைப் பற்றி சசிரேகா கணக்கு வாத்தியாரிடம் கேட்கலாம் என்று ஒரு முறை எழுந்தாள். பேரு போயிருச்சே, தெரியாதுன்னு சொன்னா எடுத்துருவாங்களோ என்று தோன்றியது. அவர் என்னம்மா என்றார். ஒன்றுமில்லை சார் என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சூளைக்குப் போயிருந்தபோது, நோட்டைப் பிரித்து அந்தக் கணக்கை நினைவிலிருந்து எழுதினாள். தெரியுமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். கேள்வி முடிவதற்குள் பச்சை வந்து நின்றது. அவள் சற்றுத் திகைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மறுபடி கேட்டாள். பச்சைதான் வந்தது. படிக்காத பாடம் ஒன்றின் பக்கத்தைப் பிரித்து அதைப் பார்த்துக் கேட்டாள். அதற்கும் பச்சை.

கூம்புக்குத் திரும்பினாள். இருபத்திரண்டின் கீழ் ஏழு, பெருக்கல் ஏழு, பெருக்கல் இருபத்து நாலு. ஐந்நூற்று இருபத்தெட்டு. தவறு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. விடைக்குக் கீழே அடிக்கோடு போட்டுவிட்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.