எண்பது சென்டிமீட்டர் கீழே

பால்தொமேரோவுக்கு வாய் சும்மா இருக்காது. முயல் வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் தட்டில் இருக்கும் சாப்பாடு ஆறுவதுகூட அவனுக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். மிச்ச இரண்டு நாளும் அவனைக் கரட்டிலும் கால்வாயிலும்தான் தேட வேண்டும். வேட்டையில் அவன் சம்பாதித்தது ஒன்றுமில்லை, செலவழித்தது நிறைய. அதைக் கேட்டால் கோபம் வேறு வந்துவிடும்.

மார்ச் முதல் ஞாயிறு அன்று தங்கை விசிதாசியோன் வீட்டில் சாப்பாடு. விசி போன வருஷம் ரயில் பாதைக் கரையை ஒட்டி இரண்டாயிரம் திராட்சைக் கன்று நட்டாள். துளிர்த்தது அவ்வளவும் முயல் வயிற்றுக்குள் போயிற்று. மறுபடி துளிர்த்தது, மறுபடி தின்றன. கரை முழுக்க வளை. ரயில்வேக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, அவர்களுக்கு என்ன, தண்டவாளத்தையா முயல் கடிக்கிறது?

"இந்த வருஷமும் தின்னுச்சுன்னா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு நிலத்தை வித்துடுவேன் அண்ணே," என்றாள் விசி. சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள்.

"நான் இருக்கும்போது ஏன் விக்கிற?" என்று பால்தொமேரோ முட்கரண்டியைக் கீழே வைத்தான். அவ்வளவுதான், பாடம் ஆரம்பமாயிற்று. "துப்பாக்கி மட்டும்னு வை, அஞ்சு சாகும், அம்பது உள்ள போய் உக்காந்துக்கும். கூண்டு மட்டும்னா விவரம் தெரியாத குட்டிதான் மாட்டும். வலை மட்டும் விரிச்சா அது ஏன் வெளிய வரப்போகுது? துரத்த உள்ள ஆள் வேணும். அதுக்கு என் பெலூசா. வலை, கூண்டு, துப்பாக்கி, பெலூசா, எல்லாத்தையும் ஒரே நாள்ல சேர்த்துப் போடணும். ஒண்ணை மட்டும் நம்பினா வேலைக்கு ஆகாது. எழுதி வச்சுக்கோ மாப்ள."

கடைசி வாக்கியம் விசியின் புருஷன் ஒனேசிமோவுக்கு. அவன் தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டே, "அப்படியா மச்சான்," என்றான். அதிகம் பேசமாட்டான், பாவம். ஆனால் கேட்டதை மனசில் போட்டு வைத்துக்கொள்கிற ஆள். அதிலும் பால்தொமேரோ சொன்னால் வேதம்.

பெலூசா என்பது பால்தொமேரோவின் ஃபெரெட். பார்க்கக் கீரி மாதிரி இருப்பாள்: நீள உடம்பு, குட்டைக் கால், வெண்ணெய் நிறத்தில் மயிர், சிவந்த கண். வளைக்குள் விட்டால் முயல்கள் அலறியடித்து மற்ற வாசல்கள் வழியாகப் பாய்ந்து வலையில் விழும். ஐந்து வருஷமாக அவனோடு இருக்கிறாள். விவாகரத்தான பிறகு அந்த அடுக்குமாடி வீட்டில் அவன் வந்ததும் கதவுக்கு ஓடி வருகிற உயிர் அது ஒன்றுதான். சாயங்காலம் அவன் சட்டைக்குள் புகுந்து காலர் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு அவனோடு தொலைக்காட்சி பார்ப்பாள். இதை வேட்டைச் சங்கத்தில் யாரிடமும் அவன் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குச் சங்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. கூட்டாளி ஃபெர்மின், ரொட்டிக்கடைக்காரன். கரையில் முப்பதுக்கு மேல் வாசல் இருக்கும். வலை இருப்பதோ பன்னிரண்டு. வேண்டாத வாசல்களை முதல் நாள் மாலையே மண் போட்டு மிதித்து அடைத்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்போதுதான் முயல் வலை இருக்கும் வாசலுக்கு வரும். அந்த வேலை எப்போதும் ஃபெர்மினுடையது. எப்போதும் பாதியில் விட்டுவிட்டுப் போவான்.

சனிக்கிழமை காலை பால்தொமேரோ முதலில் வந்து பார்த்தபோது கீழ் வரிசை, மேல் வரிசை எல்லாம் பளிச்சென்று அடைத்திருந்தது. பூட்ஸ் காலால் அழுத்தி மிதித்த தடம்கூடத் தெரிந்தது. வலைக்கு விட்ட பன்னிரண்டு வாசல் மட்டும் திறந்திருந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

அரை மணி கழித்து ஃபெர்மின் வந்தான். உடம்பெல்லாம் மாவு வாசனை, கையில் பூண்டு தேய்த்த ரொட்டி.

"நல்லா அடைச்சிருக்கியே. உன்கிட்ட இவ்வளவு வேலை இருக்குன்னு இத்தனை வருஷம் தெரியாம போச்சு," என்றான் பால்தொமேரோ.

"முதுகு போயிடுச்சுடா," என்றான் ஃபெர்மின். பாராட்டு கிடைத்தால் எத்தனை வாசலுக்கு என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

காற்றில் லேசாகப் பூண்டு வாடை வந்தது. அந்த ஊரில் அதை ஒரு வாடை என்றே யாரும் நினைப்பதில்லை. கரைக்குக் கீழே விசியின் கன்றுகள் முடிந்தால் அடுத்தது பூண்டு வயல்தான், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஃபெர்மின் கையிலும் பூண்டு. பால்தொமேரோ அதைக் கவனித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது.

வலைகளை விரித்தார்கள். கன்று வரிசையின் ஓரம் கூண்டுகளை வைத்தார்கள். ஃபெர்மின் துப்பாக்கியோடு கரை மேல் ஏறி நின்றான். பால்தொமேரோ பெலூசாவின் கழுத்துப் பட்டையில் இருக்கும் பொத்தான் அளவுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டான். அவள் மண்ணுக்குள் எங்கே, எத்தனை ஆழத்தில் இருக்கிறாள் என்று கையில் இருக்கும் பெட்டி 'டிக் டிக்' என்று சொல்லும். சின்னத் திரையில் ஆழமும் தெரியும். போன வருஷம் பழைய பேட்டரி காலை வாரிவிட்டு, நாள் முழுக்கத் தோண்டி அவளை எடுத்தான். அதிலிருந்து வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் புதுசு. அவள் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்து, ஃபெர்மின் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்து, வாசலில் விட்டான். வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. வழக்கமாக அதற்குள் இரண்டு வலையாவது குதிக்கும்.

பிறகு ஒரு முயல் வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. வலையில் தலையை முட்டி, உதைக்காமல் கொள்ளாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

"என்னடா இது, ரிட்டயர் ஆன முயலா?" என்றான் மேலே இருந்து ஃபெர்மின்.

பால்தொமேரோ சிரித்தான். முயலை எடுத்துப் பார்த்தான். உடம்பில் காயம் இல்லை, நோய்க்கட்டி இல்லை. மூச்சு மட்டும் திக்கித் திக்கி வந்து, அவன் கையிலேயே நின்றுபோயிற்று. அவன் சிரிப்பு போய்விட்டது. பெட்டியை முடுக்கிப் பார்த்தான். மேல் வரிசைக்குக் கீழே, எண்பது சென்டிமீட்டர். கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் நகரவில்லை.

"அடிச்சுத் தின்னுட்டுத் தூங்குறா போல," என்றான். தூங்குகிறாள் என்றுதான் அவனும் நம்பினான். உள்ளேயே முயலைப் பிடித்துத் தின்றுவிட்டால் ஃபெரெட்டுகள் அப்படித்தான், மணிக்கணக்கில் வராது. கூப்பிட்டான். செத்த முயலை வாசலில் வைத்து ஆட்டினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. மண்வெட்டியை எடுத்து நேர் மேலே வெட்ட ஆரம்பித்தான். ஒரு முழம் போவதற்குள் ஃபெர்மின் உட்கார்ந்துவிட்டான்.

"தலை வலிக்குதுடா. குமட்டிக்கிட்டு வருது."

அப்போதுதான் ஒனேசிமோ வந்தான். துணியில் கட்டிய முட்டை அடை, பாட்டிலில் திராட்சை மது, முகம் முழுக்கச் சந்தோஷம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்டுக் காட்ட வருகிறவன் போல வந்தான். மண்வெட்டியைப் பார்த்ததும் சாப்பாட்டு மூட்டை கையிலிருந்து நழுவியது.

"மச்சான், அங்க தோண்டாதீங்க. தள்ளி வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

"ஏன்?"

"மேல் வரிசைல மருந்து போட்டிருக்கேன்."

பால்தொமேரோவுக்கு முதலில் புரியவில்லை. ஃபெர்மினைப் பார்த்தான். "மேல் வரிசையை நீ அடைக்கலையா?"

"நான் கீழ பத்துதான் அடைச்சேன்," என்றான் ஃபெர்மின். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஒனேசிமோ ஒரே மூச்சில் கொட்டினான். தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவனிடம் மாத்திரை வாங்கியிருக்கிறான். மண்ணுக்குள் ஈரம் பட்டால் பூண்டு வாடையோடு விஷப் புகையாகிற மாத்திரை. வெள்ளிக்கிழமை, ஃபெர்மின் போன பிறகு வந்து மேல் வாசல் ஒவ்வொன்றிலும் போட்டு, நன்றாக மிதித்து அடைத்திருக்கிறான்.

"மேல புகை இருந்தா முயல் எல்லாம் கீழ வந்துடும், கீழ உங்க வலை இருக்கும்னு நினைச்சேன் மச்சான். ஒண்ணை மட்டும் நம்பக் கூடாது, எல்லாத்தையும் சேர்த்துப் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க. வெள்ளிக்கிழமை உங்களுக்குப் போன்கூடப் போட்டேன்."

போட்டிருந்தான். பால்தொமேரோ பேருந்தில் இருந்தான், எடுக்கவில்லை. பிறகு பார்த்தபோது, சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவரலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பான் என்று விட்டுவிட்டான். திருப்பிக் கூப்பிட இரண்டு நிமிஷம் ஆகுமா? ஆகாது. ஒனேசிமோவை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படி அடிப்பது?

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி குழிக்கு ஓடினான். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினான், ஓடி வந்து மூச்சு வாங்கினான், திரும்ப ஓடினான். நாலாவது முறை மண்வெட்டி 'ணங்' என்றது. சுண்ணாம்புப் பாறை. அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் ஓரிடத்தில் அது வரும். அன்றைக்குப் பார்த்து அங்கே வந்தது. முயலுக்கு அதன் அடியில் வழி தெரியும், மனுஷனுக்கு யந்திரம் வேண்டும். ஐந்தாவது முறை ஓடியபோது கால் பின்னியது. ஃபெர்மினும் ஒனேசிமோவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கரையின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். ஃபெர்மின் அங்கேயே வாந்தி எடுத்தான்.

விசி வந்து சேர்ந்தாள். விஷமுறிவு உதவி எண்ணுக்கு அவள்தான் பேசினாள். அந்தப் பக்கம் இருந்த பெண் முதலில் கேட்டது, உள்ளே மனுஷர் யாராவது இருக்கிறார்களா என்று.

"இல்லைங்க. அண்ணனோட ஃபெரெட்."

அப்படியானால் யாரும் கிட்டே போகக் கூடாது, திறக்கக் கூடாது, சில நாள் அப்படியே விட வேண்டும், தலை வலிக்கிறவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

"அவ உயிரோட இருக்கா," என்றான் பால்தொமேரோ. "பாரு, நகர்றா." பெட்டியைக் காட்டினான். திரையில் எண்பது எழுபத்தைந்தாகியிருந்தது. நாலு பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுபத்திரண்டு. விசி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒனேசிமோ உதட்டுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே வர வழி இருந்தது. ஆனால் அந்த வழியின் வாசலைத்தான் ஒனேசிமோ நன்றாக மிதித்து அடைத்திருந்தான். எழுபத்திரண்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுபத்தைந்து. பிறகு எண்பது.

அதன் பிறகு மாறவில்லை.

"விடு அண்ணே," என்றாள் விசி. "என்னை ஒண்ணும் செய்ய விடமாட்டீங்களா," என்று அவன் கேட்டான். செய்வதற்கு என்ன இருந்தது? ஐம்பத்தாறு வயசு ஆள், ஊரே பார்க்கிற ரயில் கரையில் உட்கார்ந்து அழுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஒனேசிமோ, "வேற ஒண்ணு வாங்கித் தர்றேன் மச்சான், இதைவிட நல்லதா," என்று சொல்லிக்கொண்டே வந்தான். விசி அவனை வாயை மூடச் சொன்னாள்.

சில நாள் கழித்து, காற்றோட்டம் பார்த்து, பால்தொமேரோ கடப்பாரையோடு போனான். பாறை பெயரவில்லை. யந்திரம் கொண்டுவர ரயில்வேயில் அனுமதி கேட்டான். பாதைக் கரையைத் தோண்டுவதா, அதுவும் எதற்கு என்று கேட்டார்கள். எதற்கு என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு பிராணிக்காக என்றான். அந்த ஆள் மரியாதையாகத்தான் மறுத்தான்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் ஒனேசிமோவிடமிருந்து போன் வந்தது. பால்தொமேரோ பேருந்தை ஓரம் கட்டி எடுத்தான். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் நிறுத்தி எடுத்துவிடுகிறான்.

"மச்சான், கன்னு எல்லாம் துளிர்த்திருக்கு. ரெண்டாயிரமும். ஒரு துளிரைக்கூடத் தொடலை. விசி அழுதுட்டா சந்தோஷத்துல. நீங்க சொன்னது சரிதான் மச்சான், எல்லாத்தையும் சேர்த்துப் போடணும்."

"சந்தோஷம் மாப்ள," என்றான் பால்தொமேரோ. மனசாரத்தான் சொன்னான்.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு கரைக்குப் போனான். கன்றுகள் வரிசை வரிசையாகப் பச்சை. பூண்டு வயலில் ஆட்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மேல் வரிசைக்கு ஏறி, பாறை மேல் மண்டியிட்டு, பெட்டியை முடுக்கினான்.

டிக் டிக் என்றது. எண்பது சென்டிமீட்டர். புது பேட்டரி அல்லவா, அவன் கையாலேயே போட்டது.