இரண்டாம் பாகத்தில் பாதி

அண்ணன் கடைசி மூச்சை விட்டபோது அறையில் இருந்தவர்கள்: அண்ணி. ஊசி போட வந்த நர்ஸ். கீழ்மாடியில் குடியிருக்கும் லிஃப்ட்காரர். டிவியில் பாதியில் நிறுத்தி வைத்த ஒரு படம்.

தம்பி இல்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பகலில் சாகிறவர்கள் அவனிடம் சொல்லிக்கொண்டு போக முடியாது.

யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கை அவன் மாடிப்படியில் இறங்கும்போதுதான் மனதுக்குள் போட்டான். ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் அவன் கையில் இருந்தது. தலைப்பக்கம் லிஃப்ட்காரரின் கையில்.

“நான் தலைப்பக்கம் வரேன். மாத்திக்கலாம்” என்றான்.

“வேணாம் தம்பி. இந்தத் திருப்பத்துல இடிக்கும். எனக்குப் பழக்கம். எத்தனை தடவ ஆஸ்பத்திரிக்கு எறக்கியிருக்கேன்.”

எத்தனை தடவை என்று தம்பி கேட்கவில்லை. அண்ணனின் ஒரு பாதம் போர்வைக்கு வெளியே வந்திருந்தது. கட்டைவிரல் நகத்தில் கொஞ்சம் நீலப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்களுக்குப் பெயின்ட் அடித்தே நுரையீரலைத் தொலைத்தவன். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியும் பெயின்ட் அவனை விடவில்லை.

மின்மயானத்தில் முறை வர நேரமாகும் என்றார்கள். வெளியே சிமென்ட் பெஞ்சு. லிஃப்ட்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருப்பவர். கண் சிவந்து வீங்கியிருந்தது. தன் கண் அந்த அளவுக்குச் சிவக்கவில்லை என்பது தம்பிக்கு உறுத்தியது. அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவன் இதுவரை முடிவு செய்ததே இல்லை.

“டிவில என்ன ஓடிட்டிருந்துச்சு?” என்று கேட்டான்.

“ரெண்டாம் பாகம்தான்.”

“எதோட ரெண்டாம் பாகம்?”

“என்ன தம்பி, உங்களுக்குத் தெரியாததா? தண்ணிய எல்லாம் மெஷினுங்க பூட்டி வெச்சிருக்குமே, அந்தப் படம்.”

தெரியாததா? முதல் பாகத்தை அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாம்பல் நிற வானம். குடிதண்ணீரை மனிதர்களுக்கு அளந்து ஊற்றும் இயந்திரங்கள். ஒரு தண்ணி லாரி டிரைவர் அவற்றை எதிர்த்து, நூறு மாடிக் கோபுரத்தில் ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் இருக்கும் தொட்டியை உடைப்பான். பல வருடம் இருவருக்கும் அந்தப் படம்தான் பேச்சு. ஒருவன் வசனத்தை ஆரம்பித்தால் மற்றவன் முடிப்பான்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் அந்த நடிகனுக்கு வயதாகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் முதல் நாளே போனார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அதே கோபுரம், அதே படிகள். ஹீரோ பாதி ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். “யாராச்சும் இந்தாளுக்கு லிஃப்ட் போட்டுக் குடுங்கடா!” என்று தம்பி கத்தினான். தியேட்டரே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். இடைவேளையில் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

“குப்பை” என்றான் தம்பி.

“குப்பைதான்” என்றான் அண்ணன்.

அதன் பிறகு அந்தப் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் அண்ணன், “அவன்கிட்ட கேளுங்க” என்று தம்பியைக் கை காட்டுவான். அதில் தம்பிக்கு ஒரு பெருமை.

“அது குப்பைப் படம்” என்றான் இப்போது, பெஞ்சில்.

“நீங்க அப்படிச் சொல்லுவீங்கன்னு சொல்லியிருக்காரு.” லிஃப்ட்காரர் லேசாகச் சிரித்தார். “அவருக்கு அதுதான் உசிரு. ஹீரோ படியில உக்காருவான் பாருங்க, அங்க நிறுத்திருவோம். ‘உக்காருடா கிழவா, நானும் உக்காந்துக்கறேன்’னு ஒரு கத்து கத்துவாரு. நான் டீ போட்டு எடுத்துட்டு வருவேன். மூச்சு சீரானதும் மறுபடி ஓடவிடுவோம். சில நாள் ஒரு படம் பாக்க நாள் முழுக்க ஆயிரும். கடைசியாவும் அங்கதான் நிறுத்தினோம்.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் முதல் பாகம் போட்டுக் காட்டினேனே. நல்லாத்தானே பாத்தான்?”

“பாப்பாரு. நீங்க ஆசையா எடுத்துட்டு வர்றீங்களே.”

“அப்படின்னா?”

லிஃப்ட்காரர் வேட்டி நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். “அந்தப் பய ஒரே மூச்சுல ஏறுறதப் பாத்தா தனக்கு மூச்சு முட்டுதுன்னுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க.”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தார்கள். தம்பி அவரை முந்திக்கொண்டு நடந்தான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு, சமையலறையில் அண்ணி பாலைச் சுட வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, அண்ணனுக்கு அந்த ரெண்டாம் பாகம் பிடிக்குமா?”

“பிடிக்குமாவா? ரெண்டு பேரும் சேர்ந்து அதையே போட்டு என் உசிர வாங்கினாங்க. லிஃப்டே இல்லாத வீட்டுல ஒரு லிஃப்ட்காரரு, மாடியேற முடியாத ஒரு நோயாளி. நல்ல ஜோடி.” பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்களுக்குத்தான் பிடிக்காதே தம்பி.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சர்க்கரை வேண்டாம் என்பவனுக்குச் சர்க்கரை போடாத மாதிரிதான் சொன்னாள். அண்ணன் தன்னை ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் விருந்தாளியாக வைத்திருந்தான் என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. விருந்தாளியிடம்தான் எல்லோரும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள். கத்துவதும் திட்டுவதும் வேண்டியவர்களிடம்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போனாள். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி எடுத்துப் போக ஆள் வரும், வீட்டில் இருங்கள் என்று சொல்லியிருந்தாள். மத்தியானம் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனான். மெஷின் நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தம்பி டிவியைப் போட்டான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதும் இரண்டாம் பாகம் தானாக வந்தது. முதலிலிருந்து ஓடவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கதவில் சாவி திரும்பும் சத்தம். லிஃப்ட்காரர் உள்ளே வந்தார்.

“மெஷின எறக்க ஒரு கை வேணுமேன்னு வந்தேன்.”

“போயிருச்சு.”

அவர் திரையைப் பார்த்தார். கேட்காமலே, அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் போட்டிருந்த குஷனில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளத்தில் சரியாகப் பொருந்தினார். தம்பிக்குக் கட்டில்தான் மிச்சம். அதன் விளிம்பில் உட்கார்ந்தான்.

அவர் அடுத்து வரும் வசனங்களை முணுமுணுத்தார். சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே சிரித்தார். ஒரு வசனத்தைப் பாதியில் விட்டு, பக்கத்தில் இருப்பவர் முடிப்பதற்காகக் காத்திருந்தார். தம்பிக்கு மிச்சம் தெரியாது. அவரே முடித்துக்கொண்டார்.

கோபுரம் வந்தது. ஹீரோ ஏறினான், முழங்காலைப் பிடித்தான், உட்கார்ந்தான். லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

“டீ போட்டுட்டு வரேன்.”

சமையலறையில் டப்பாக்கள் திறக்கும் ஓசை. எது எங்கே இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. தம்பி அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ரிமோட்டை எடுத்துப் படத்தை ஓடவிட்டான்.

இரண்டு கிளாசோடு அவர் வந்தபோது ஹீரோ எழுந்து ஏறிக்கொண்டிருந்தான்.

“நிறுத்தி வெச்சிருந்தேனே?”

“எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு.”

அவர் நின்றபடியே பார்த்தார். தம்பியும் பார்த்தான். பின்பாதியை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இயந்திரங்கள் அட்டையால் செய்தது போல இருந்தன. ஹீரோவுக்குப் பதிலாக வேறு யாரோ குதிப்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பாட்டு வேறு. படம் இப்போதும் குப்பைதான். அண்ணன் இதில் எதைக் கண்டான் என்று கடைசிவரை தேடினான். கிடைக்கவில்லை. எழுத்து ஓடத் தொடங்கியது.

“குப்பை” என்றான், சத்தமாக.

லிஃப்ட்காரர் ஆறிப்போன கிளாசை ஜன்னல் திட்டில் வைத்தார்.

“சரி, நான் கெளம்பறேன் தம்பி. அண்ணி வந்தா சொல்லுங்க. என்ன வேணும்னாலும் ஒரு குரல் குடுக்கச் சொல்லுங்க.”

“சாவி?” என்றான் தம்பி.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் தலையாட்டினார். வளையத்தில் சாவிகள் நிறைய இருந்தன. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒன்றைப் பிரித்தார். நகம் வழுக்கியது. மறுபடி முயன்றார். உதவலாம் என்று தம்பிக்குத் தோன்றியது. கையை நீட்டினான், உள்ளங்கை மேலாக.

சாவி வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வாசலைத் தாண்டி, செருப்பு மாட்டுவதற்காகச் சுவரைப் பிடித்தார். ஒரு செருப்புதான் மாட்டியிருந்தார். தம்பி கதவைச் சாத்தி, அதே சாவியால் உள்ளேயிருந்து பூட்டினான்.