போட்டிக்காரன் வைத்த பேர்

புது எஞ்சினை ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தார்கள். சர்ச் முடிந்த கையோடு ஊரே திரண்டு வந்துவிட்டது. முன்னால் நாலு சக்கரம், நடுவில் எட்டு, பின்னால் இரண்டு. அக்கரையில் ஓடும் மலை லைன் கம்பெனி இந்தச் சக்கரக் கணக்குக்கு ‘மவுண்டன்’ என்று பேர் வைத்திருக்கிறது. இக்கரைக் கம்பெனி போட்டிக்காரன் வைத்த பேரைச் சொல்லுமா? செத்தாலும் சொல்லாது. ஆற்றின் பேரையே தூக்கி வைத்துவிட்டார்கள், ‘மஸ்கிங்கம்’ என்று. வாயில் நுழையாவிட்டால் என்ன, வீம்பு வீம்புதான்.

ஆர்டெலாவுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ராய்ஸ் இந்தக் கம்பெனியில் கரி தள்ளுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன் கென்டக்கியில் மர அறுவை மில்லிலிருந்து நேராக வந்ததாகச் சொல்லியிருந்தான். அவன் குனிந்து பின்சக்கரத்து அச்சைத் தொட்டுப் பார்த்தான்.

“மவுண்டனுக்கு இந்த இடம்தான் தொல்லை. எப்பவும் சூடேறிடும்.”

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். “போட்டிக்காரன் பேரைச் சொன்னதுக்கு அபராதம்! எல்லாருக்கும் சுருட்டு வாங்கிக் குடு!”

ஆர்டெலாவின் அப்பா ஹோபர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

“மாப்ளே, அக்கரை ஒர்க்‌ஷாப்புக்கு அந்த எஞ்சின் வந்ததே தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷ ஸ்ட்ரைக் அப்பதான். பனி விழறதுக்குள்ள வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. சூடேறுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ராய்ஸ் அச்சிலிருந்து கையை எடுத்தான்.

அந்த ஸ்ட்ரைக்கில்தான் ஒர்க்‌ஷாப் வாசலில் மறியலுக்கு நின்ற ஆர்டெலாவின் அண்ணன் வெர்ஜிலைக் காவலாள் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு உள்ளே வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஸ்ட்ரைக்கை உடைக்க வந்த கருங்காலிகள். ஐயோ, இவனா? அண்ணன் படத்துக்குக் கீழே உட்கார வைத்து இவனுக்கா இத்தனை நாள் சோறு போட்டோம்?

“நீ உள்ள இருந்தியா?”

“பத்தொம்போது வயசு, ஆர்டெலா. வீட்ல அடுப்பெரியல.”

“எங்கண்ணன் விழுந்தப்ப?”

அவன் தரையைப் பார்த்தான். “ஜன்னல் வழியா பாத்தேன். யாரோ விழுந்து கெடந்தாங்க. உங்கண்ணன்னு இங்க வந்தப்புறம்தான் தெரியும். அன்னிக்கு... சாப்பாட்டு மணி அடிச்சுது. போய்ச் சாப்பிட்டேன்.”

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

“கல்யாண ஜோடி எங்கப்பா?” உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோக்காரர் முக்காலி கேமராவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரோ இருவரையும் எஞ்சின் முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

“அப்படியே இருங்க. அசையாதீங்க.”

ஆர்டெலா அசையவில்லை. அவள் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே, எண்ணெய்க் கறையோடு, வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் கை நின்றுகொண்டிருந்தது.