ஆர்லன் போட்ட வயர்

டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே இருந்த வயர்கள் அத்தனையும் சிவப்பு. ஹெட்லைட்டுக்குப் போவது சிவப்பு, ஹாரனுக்குப் போவது சிவப்பு, எர்த் வயரும் சிவப்பு. எங்கோ மலிவாகக் கிடைத்த ஒரே சுருளை வைத்து ஒரு காரையே முடித்திருக்கிறான். இப்படி வேலை செய்தவனை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கலாம்தான். ஆனால் அந்த ஆள் நானே.

"என்ன லாய்ட், ஆர்லன் போட்ட வயரைப் பாத்து மயக்கம் போட்டுட்டியா?"

மார்லிஸ் காபியோடு கராஜ் வாசலில் நின்றாள். ஆர்லனின் மனைவி. மார்ச் மாதம் அவனைப் புதைத்தோம்.

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மாடு கறக்கறவனுக்கு எதுக்குடா கரண்டு வேலைன்னு. கேட்டானா?"

நான் ஏதோ முனகிவிட்டு டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

எங்கள் ஊரில் 'ஆர்லன் போட்ட வயர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். டோஸ்டர் புகைந்தாலும், சர்ச்சில் மைக் கொரகொரத்தாலும் யாராவது அதைச் சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆர்லனும் சேர்ந்து சிரிப்பான். முப்பத்தெட்டு வருடம் அப்படிச் சிரித்தான்.

இந்தக் காரை நாங்கள் இருவரும்தான் கட்டினோம். எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலம். நாமே பூட்டிக்கொள்ளும் கார் அது; லாரியில் பெரிய பெரிய பெட்டிகளாக வந்து இறங்கியது. முப்பதுகளில் ஓடிய ஆங்கிலேயக் கார் மாதிரி தோற்றம், ஆனால் உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ், அடியில் ஒரு பழைய பீட்டில் காரின் இரும்புச் சேஸி. எஞ்சின் பின்னால் இருந்ததால் அந்த நீள மூக்குக்குள் இடம் கிடந்தது. ஆர்லன் அதில் பீர் வைப்பான். மாலை மாடுகளைக் கறந்துவிட்டு அவன் வரும்போது ஏழு மணி ஆகியிருக்கும். வெளியே விஸ்கான்சின் பனி மூக்கை அறுக்கும். உள்ளே விறகு அடுப்பு, ரேடியோவில் போல்கா நடன இசை. ஃபைபர் தூள் பட்டு இருவரும் குரங்குகள் மாதிரி சொறிந்துகொண்டே சிரிப்போம். அந்தக் குளிர்காலத்தில் இருந்த மாதிரி நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

வயரிங் என் பொறுப்பு. நான் இரும்பு லாரிகளைப் பிரித்துப் பழகியவன். இரும்பு வண்டியில் எர்த் வயரை எந்தத் தகரத்தில் முறுக்கினாலும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர் கிளாஸில் திரும்பாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயரை சேஸி வரை இழுக்க வேண்டும். நான் இரண்டு ஹெட்லைட்டின் எர்த்தையும் முன் கிரில்லைத் தாங்கிய சின்ன இரும்புப் பட்டையில் முறுக்கிவிட்டேன். அந்தப் பட்டை சேஸியைத் தொட்டது ஒரே ஒரு போல்ட் வழியாக. விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. புது வண்டி, போகப் போகச் சரியாகும் என்று சொன்னேன். நல்ல மெக்கானிக்!

மறு வருடம் செப்டம்பரில் அந்த போல்ட் துருப்பிடித்தது. வெள்ளிக்கிழமை இரவு ஆர்லனும் மார்லிஸும் கிளப்பில் மீன் சாப்பிட்டுவிட்டு வரும் வழியில், வளைவில், இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் போயின. கார் சோளக்காட்டுக்குள் பாய்ந்தது. மார்லிஸுக்குக் காறையெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி நடையில் ஆர்லன் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"டேய், நீ மெக்கானிக் கடை தொறந்து மூணு வாரம்தான் ஆவுது. உன் வேலைன்னு தெரிஞ்சா ஒருத்தன் வண்டி விடுவானா? வயர் நான் போட்டதா இருக்கட்டும். மாட்டுக்காரன், எனக்கென்ன போச்சு?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் உண்மை.

அவனுக்கு என்ன போனது என்று பிறகு பார்த்தேன். இனிமேல் அந்தக் காரில் வெயில் இருந்தால்தான் ஏறுவேன் என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். ஜூலை ஊர்வலத்துக்கு மட்டும் வண்டி வெளியே வரும். ஒவ்வொரு அக்டோபரும் தன் பிறந்தநாளுக்கு அவன் கேட்பான்: "இதுல கிளப்புக்குப் போலாமா?" அவள் கையில் கிடைத்ததை எறிவாள்.

இப்போது அவளே என்னைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை அவன் பொறந்தநாள். அந்த வண்டியிலயே போறேன், இருட்டுல திரும்பி வரேன். நல்லா செஞ்சு குடு."

நான்கு நாள் ஆனது. சிவப்பு முழுவதையும் உருவி எறிந்தேன். வேலைக்கு ஒரு நிறம், தனித்தனி ஃபியூஸ். முன்பு விளக்கின் மொத்தச் சுமையையும் அந்தச் சின்ன ஸ்விட்ச் தாங்கியது. இப்போது பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு ரிலே வைத்து, தடித்த வயரில் நேராக விளக்குக்குக் கொண்டுபோனேன். ஸ்விட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் சேஸி வரை தனி எர்த். பழைய குரோம் ஹெட்லைட் கூடுகளுக்குள் புது எல்.இ.டி. விளக்கு.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். கராஜ் கதவிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, கதவில் டேப் ஒட்டி, ஒளி எங்கே விழ வேண்டும் என்று திருகிச் சரி செய்தேன். கதவு முழுக்க வெளுத்தது. மார்லிஸ் கை தட்டினாள்.

"அம்மாடி! இதை அன்னைக்கே உங்கிட்ட விட்டிருக்கலாம். அந்த மடையன் கேட்டாத்தானே..."

"அன்னைக்கும் எங்கிட்டதான் விட்டான்," என்றேன்.

அவள் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புப் பட்டை, போல்ட், ஆஸ்பத்திரி நடை. கடை திறந்த மூன்று வாரம். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கதவில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து எறிந்தாள். அப்புறம் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"ஏறு."

"மார்லிஸ்..."

"ஏறுய்யா. எங்கிட்ட சொன்னது போதாது. ஊரே சிரிச்சுது, ஊருக்குச் சொல்லு."

கிளப்பில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பொரித்த மீன், பிராந்தி வாசனை. அவள் பார் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, "லாய்ட் ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக என்னிடம் கார் விட்டவர்கள்.

"ஆர்லன் போட்ட வயர்னு சொல்றீங்களே," என்றேன். "அது நான் போட்டது. என் கடைக்காக அவன் ஏத்துக்கிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு மூச்சு வந்தது, வெட்கமும் வந்தது.

திரும்பும்போது நல்ல இருட்டு. அந்த வளைவு தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. மார்லிஸ் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பக்கமும் அறுத்த சோளக்காடு.

"முப்பத்தெட்டு தடவை கேட்டான் லாய்ட்," என்றாள். "நான் ஒரு தடவையாவது வர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தப்பு என்னோடது," என்றேன்.

"ஆமா, உன்னோடதுதான்," என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.