இரண்டு சக்கரமும் ஒரே பக்கம்

என்ன பொய் சொல்வது என்பதை நட்டு முதல் நாளே யோசித்து வைத்திருந்தான்.

"பின் ஆக்ஸில்ல ஆயில் சீல் ஒழுகுது, பாப்பா. டிஃபரன்ஷியலை இறக்கித்தான் ஆகணும். வண்டி ஒரு வாரம் இங்கயே கிடக்கட்டும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தீட்டிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்திருந்தாள் தங்கை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்திருந்தால், ஈரம் என்பதே இல்லாமல் ஆக்ஸில் காய்ந்து கிடப்பது தெரிந்திருக்கும். அவள் குனியவில்லை. அண்ணன் சொன்னால் சரிதான்.

"மலைப் பந்தயத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிச்சுத் தர்றேன் போ."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று அவனுக்கே சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தான்.

சின்ன வயதில் ஒரு நட்டை விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை வீட்டையே காவல் காக்க வைத்தவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகள் அவள் தோளுக்குமேல் வளர்ந்துவிட்டார்கள். இருந்தும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். கோழிப் பண்ணை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த அந்தப் பழைய காரை வாங்கி வந்தவள் அவள். கோழி இறகுகளைக் கூட்டித் தள்ளி, தகரம் ஒட்டி, இஞ்சினுக்கு உயிர் கொடுத்தவன் அவன். ஆண்டுக்கொரு முறை மலைச்சாலையை மூடி நடத்தும் பந்தயத்தில், பழைய கார்களுக்கான பிரிவில் அவள் ஓட்டினாள். அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு விதிதான்: வண்டியின் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்.

பாப்பா ஒவ்வொரு முறையும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தாள். நேர்ச்சாலையில் யாருக்கும் சளைக்க மாட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில்தான் எல்லாம் போய்விடும். வண்டி சாயும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, புகையைக் கக்கிக்கொண்டு வெறுமனே சுற்றும். கோளாறு டிஃபரன்ஷியலின் குணத்தில் இருந்தது. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டும் அதனதன் வேகத்தில் சுழல வழிவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. ஆனால் அதற்கு ஒரு அசட்டு இளகிய மனசு. எந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் ஆடுகிறதோ அதற்கே இஞ்சினின் பலத்தையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். லிமிடெட் ஸ்லிப் என்ற வகை அப்படி ஏமாறாது. உள்ளே அடுக்கியிருக்கும் தட்டுகள் இரண்டு சக்கரங்களையும் ஓரளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரிவில் அதற்கு அனுமதி கிடையாது.

போன முறை பந்தயம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர், "வண்டி அருமையான வண்டி. இன்னும் கொஞ்சம் தைரியமான கையில இருந்திருக்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. நட்டுவும் சிரித்துவிட்டான். பாப்பா அங்கே இல்லை. ஆனாலும் தானும் சிரித்ததை வீடு வந்து சேரும்வரை அவனால் மறக்க முடியவில்லை. அவளை ஒரு தடவையாவது ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தான். அவளுக்காகத்தான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில், அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து கழற்றிய லிமிடெட் ஸ்லிப் ஒன்று கிடைத்தது. தட்டுகள் தேய்ந்திருந்தன, புதிதாக வாங்கிப் போட்டான். அந்த வாரம் அவன் செய்தது, இத்தனை வருடத் தொழிலில் ஆகச் சிறந்த வேலை. ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவி, டிஃபரன்ஷியலை இறக்கி, கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி லிமிடெட் ஸ்லிப்பின் கூட்டில் பூட்டினான். பேரிங்குக்கு அடியில் முடி கனத்துக்குத் தகடுகளை வைத்தும் எடுத்தும், பல்லோடு பல் கவ்வும் இடைவெளியைக் கொண்டுவந்தான். பற்களில் நீலச் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தபோது பற்கள் உரசிய தடம் பல்லின் நட்டநடுவில் விழுந்திருந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட முடியாது. பழையதை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளினான்.

வண்டியை எடுத்துப்போன மறுநாளே பாப்பா போன் செய்தாள்.

"அண்ணா, சந்துல மெதுவாத் திருப்பும்போது பின்னாடி ஏதோ முக்கி முனகுதே?"

"புது ஆயில் ஊத்தியிருக்கேன். ஓட ஓடப் பழகிடும்."

"சரி சரி" என்று வைத்துவிட்டாள்.

பந்தயத்தன்று அவள் ஜெயித்தாள். எப்போதும் ஜெயிக்கிற டயர்க் கடைக்காரர், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த நெட்டை மனிதர், இரண்டாவதாக வந்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டு ஏறியதைப் பார்த்து வேலியோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றி எறியாத குறையாக ஓடி வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிபட்டுடுச்சு அண்ணா! வளைவு முடியறதுக்கு முன்னாடியே மிதிச்சிடணும். இத்தனை வருஷமா பயந்துக்கிட்டு லேட்டா மிதிச்சிருக்கேன். தப்பு வண்டி மேல இல்ல, என் மேலதான். இன்னைக்கு மிதிச்சேன் பாரு, அப்படியே தூக்கிட்டுப் போச்சு!"

"ம்" என்றான் நட்டு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

பேக்கரி வைத்திருக்கும் அவள் கணவர் வீட்டுக்குப் போன் போட்டு, "உங்கம்மா இனிமே தரையில நடக்க மாட்டா, பறக்கத்தான் போறா" என்று பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று வண்டிகளையும் பரிசோதனைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது வழக்கம். வழக்கமாக கார்ப்யூரேட்டரைப் பார்ப்பார்கள், இஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். நட்டு நம்பியிருந்தது அதைத்தான். இந்த முறை பரிசோதகர் புதியவர். கழுத்தில் கண்ணாடி தொங்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் கனத்த உடம்புக்கார அம்மா. இஞ்சினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "பின்பக்கத்தைத் தூக்குங்க" என்றார்.

கொட்டகை ஆட்கள் ஜாக்கியைப் போட்டபோது நட்டு தள்ளி நின்றுகொண்டான்.

இரண்டு பின்சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. கியர் நியூட்ரலில் இருந்தது. அந்த அம்மா குனிந்து இடது சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினார். தொழிற்சாலை மாட்டிய டிஃபரன்ஷியல் என்றால் வலது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. வலது சக்கரம் முன்பக்கமாகச் சுற்றியது.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் மறுபடியும் சுற்றினார். இரண்டு சக்கரமும் ஒரே பக்கம், கைகோத்துக்கொண்டதுபோல் சேர்ந்தே சுற்றின.

"இதை மாட்டினது யாரு?"

பாப்பா சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, சற்றுமுன் வரை முகத்தில் இருந்த வெளிச்சம் நெற்றியிலிருந்து கீழாக வடிந்துபோனது. ஆயில் சீல், சந்தில் கேட்ட முனகல், பிடிபட்டுவிட்டது என்று தான் குதித்த குதி, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதை நட்டுவால் அவள் கண்ணிலேயே காண முடிந்தது.

பேச வேண்டிய நேரம் அதுதான். அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் வண்டி. நான்தான் பொறுப்பு" என்றாள் பாப்பா.

பரிசோதகர் எழுத ஆரம்பித்தார். வெற்றி ரத்து. ஓட்டுநருக்கு அடுத்த பந்தயத்தில் ஓட்டத் தடை. அவர் பேனாவை மூடிய பிறகுதான் நட்டுவின் குரல் வெளியே வந்தது.

"நான்தாங்க மாட்டினேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "ஓட்டறவங்களுக்குத்தான் தடை. விதி அப்படி. நீங்க இப்ப சொல்றதால எதுவும் மாறாதுங்க."

பின்னாலிருந்து யாரோ, "தங்கச்சி மாட்டிக்கிட்டதும் அண்ணன் பழியை ஏத்துக்கறாரு. பாசமான குடும்பம்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நட்டு திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லியும் அது பொய்போலக் காதில் விழும்படி தாமதித்துச் சொன்னது அவன்தானே. பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. காலடியில் சிமெண்டுத் தரை கெட்டியாக நின்றது.

வெளியே கொக்கு காத்திருந்தார். ஜெயித்தவர் அவர்தான் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த மனிதர் தப்பு செய்தவர்போல் நெளிந்துகொண்டு, "நான் புகார் எதுவும் கொடுக்கலம்மா. சத்தியமா" என்றார்.

"தெரியும் சார். நீங்க நல்லா ஓட்டினீங்க" என்றாள் பாப்பா. நட்டுவின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

வீடு திரும்பும்போது வேனை அவள் கணவர் ஓட்டினார். கார் பின்னால் டிரெய்லரில் வந்தது. பாதி வழியில் அவர், "மச்சான், பன் இருக்கு, சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். நட்டு ஒன்றை வாங்கித் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டான். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தான். அடுத்த நொடி, அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டான்.

நாலைந்து நாள் அவள் வரவில்லை. அவனும் போன் செய்யவில்லை. செய்து என்ன சொல்வது? பட்டறைக்கு வந்தவர்களில் சிலர் ஜாடையாகக் கேட்டார்கள். ஒருவன் கண்ணடித்து, "எங்க வண்டிக்கும் அதுமாதிரி ஒண்ணு மாட்டிக் கொடேன்" என்றான். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள்.

"கழட்டு" என்றாள்.

அவன் கழற்றினான். அவள் பக்கத்தில் முட்டி போட்டு விளக்கைப் பிடித்தாள். டிஃபரன்ஷியல் வெளியே வந்ததும் அதைத் துணியால் துடைத்து, கிரவுன் வீலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத கனங்களைத் தீட்டியே பிழைப்பு நடத்துகிறவள். நல்ல வேலையைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

"நல்லா மாட்டியிருக்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பான். கந்தல் துணியில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன்னை ஒரு தடவை ஜெயிக்க வைக்கணும்னு ஆசைப்பட்டேன் பாப்பா."

"அதை நான் கேக்கல. நானா ஓட்டி ஜெயிக்க மாட்டேன்னு நெனச்சுட்டே. ஆமாவா இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தான். இன்னொரு பொய்க்கு இடமில்லை.

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். "எத்தனை வருஷமா?"

"ரொம்ப நாளா."

அவள் விளக்கைத் தரையில் வைத்தாள். "எல்லார்கிட்டயும் சொன்னேனே, எனக்குப் பிடிபட்டுடுச்சுன்னு. பிள்ளைங்ககிட்ட, கடையில, தெருவுல. நான் பேசப் பேச நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு 'ம்'ங்கற." விளக்கை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சரி. பழசை எடு."

சாக்கிலிருந்து எடுத்து, அன்று மாலைக்குள் மாட்டி முடித்தான்.

அடுத்த மாதம் மலைச்சாலையில் பயிற்சி நாள் வந்தது. பரிசு கிடையாது, பட்டியல் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓடலாம். பாப்பா போகிறாள் என்று அவள் கணவர் சொன்னார். "நீங்களும் வரணுமாம் மச்சான். அவதான் சொல்லச் சொன்னா."

நட்டு கூனிக் குறுகித்தான் போனான். வேலியோரம் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். பாப்பா யாரையும் கண்டுகொள்ளாமல் ஹெல்மெட்டை மாட்டினாள். கணவர் ஸ்டாப் வாட்சோடு மேலே போய்விட்டார்.

மூன்று முறை ஏறினாள். மூன்று முறையும் முதல் வளைவில் உள்சக்கரம் வழக்கம்போல் எழும்பிப் புகைத்தது. ஆனால் அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை என்பதை நட்டு கவனித்தான். முன்னெல்லாம் பயந்து விட்டுவிடுவாள். இப்போது ஸ்டியரிங்கை ஒரு நூல் தளர்த்தி, வண்டியை நிமிர்த்தி, சக்கரம் தரையைத் தொட்டதும் அழுத்தி மிதித்தாள். அந்தச் சூட்சுமத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்திருந்தாள். பந்தயத்தன்று அவள் சொன்னதில் பாதி உண்மைதான்.

கணவர் இறங்கி வந்து நேரத்தைக் காட்டினார். பாப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொக்கு சார் பந்தயத்தன்னைக்கு எடுத்த நேரத்தைவிட அதிகம்தான். ஆனா மத்தவங்க எல்லாரையும் தாண்டியிருப்பேன்" என்றாள். "பழசை வெச்சே ரெண்டாவது வந்திருப்பேன் அண்ணா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இதுவரை ஏறாத பரிசு மேடை. அந்த இடத்தை அவளுக்குத் தெரியாமலே அவளிடமிருந்து பிடுங்கியவன் அவன்.

"பாப்பா, நான்..."

"வேணாம். நீ மன்னிப்புக் கேட்டு அழுதேன்னா உன்னைச் சமாதானப்படுத்தற வேலையும் எனக்கே வந்து சேரும்." குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. "தடை முடிஞ்சதும் ஓட்டுவேன். வண்டியை நீதான் பாக்கணும், உன்னைவிட நல்ல கை இங்க யாருக்கும் கிடையாது. ஆனா நான் பக்கத்துல இல்லாம ஒரு ஸ்க்ரூகூடத் திருகக் கூடாது."

"சரி."

"இன்னொரு தடவை ஏறப் போறேன். காத்து பாரு."

அவன் முட்டி போட்டு நான்கு டயரிலும் காற்று பார்த்தான். எழுந்தபோது அவள் கையை நீட்டினாள். காற்று அளக்கும் கருவியை அதில் வைத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பார்த்த நான்கு டயரிலும் அவள் மறுபடி குனிந்து காற்று பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. சரி என்று அவள் சொல்லவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

நட்டு தலையைக் குனிந்தபடி ஒதுங்கி வழிவிட்டான்.