கழுவி வைத்த டம்ளர்

அரியலூரில் அந்தப் பரோட்டாக் கடைக்கு ராசாங்கம் ஆசையாக ஒரு பெயர் வைத்துப் பலகையும் மாட்டியிருந்தார். அதை யாரும் படித்ததில்லை. விறகடுப்புக் கடை என்றால்தான் ஊருக்குத் தெரியும். கருவேல விறகு எரிய எரிய, நாலு மணிக்கு முதல் பரோட்டா கல்லில் விழும். லாரிக்காரர்கள், சிமென்ட் ஆலைக்காரர்கள், ரயிலை விட்டு இறங்கியவர்கள் என்று அதற்குள் கூட்டம் முண்டியடிக்கும்.

அந்தக் கடைக்குத்தான் கொளஞ்சி தன் மனைவி வேம்புவை அழைத்து வந்திருந்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவனுக்கு வேலை கிடைத்து, டவுனில் ஓர் அறை பிடித்து, குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளைக் கூட்டி வந்து நாலு நாள்தான் ஆகிறது. பரோட்டா யாருக்குக் கசக்கும்? ஆனால் வாசலிலேயே வேம்பு நின்றுவிட்டாள். ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனி டம்ளர். வெளியே நின்று குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த இருபத்து மூன்று வயதில் அவள் ஒரு கடை பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை.

“எந்தத் தெருன்னு கேட்டா என்ன மாமா சொல்றது?”

“எத்தன பரோட்டான்னுதான் கேப்பாங்க. வா புள்ள.”

அதையேதான் கேட்டார்கள். இலை வந்தது, பரோட்டா வந்தது, வாளியிலிருந்து சால்னாவும் தாராளமாக வந்தது. எழுந்து ஓடத் தோதாக பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, வேம்பு முதல் விள்ளலை வாயில் வைத்தாள். அந்த நேரம் பார்த்தா அய்யாக்கண்ணு வந்து நிற்க வேண்டும்!

சாட்சாத் அவரேதான். போன வாரம்வரை அவருடைய வெங்காயக் காட்டில்தான் அவள் களை வெட்டினாள். அவர் வந்தால் வரப்பை விட்டு இறங்கி நின்றே பழக்கம். இப்போதும் உடம்பு தானாக எழுந்தது. கொளஞ்சி அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

“உக்காரு.”

சொன்னவனும் அய்யாக்கண்ணுவின் பக்கம் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

கடையில் மிச்சமிருந்த ஒரே இடம் அவர்கள் பெஞ்சின் மறுகோடி. அய்யாக்கண்ணு அவர்களைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், கல்லில் உப்பிக்கொண்டிருந்த பரோட்டாவைப் பார்த்தார். பரோட்டா ஜெயித்தது. உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேம்பு தின்றதெல்லாம் மண்தான். எந்த நிமிஷம் வாயைத் திறப்பாரோ, இத்தனை பேர் முன்னால் எழுப்பி விடுவாரோ என்று ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமாக விழுங்கித் தண்ணீரைக் குடித்தாள். கை கழுவ எழுந்தவள் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனாள். தொட்டியோரம் அதைத் தேய்த்துக் கழுவி, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது.

“யம்மா!” கல்லாவிலிருந்து ராசாங்கம் கூப்பிட்டார். கூட்டத்துக்கு மேல் கத்திக் கத்தி உரத்துப்போன குரல். கடையே திரும்பியது. “டம்ளர நீங்க ஏன் கழுவுறீங்க?”

வேம்புக்கு உயிரே போய்விட்டது. ஏன் கழுவினாள் என்று நன்றாகத் தெரிந்த மனிதர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்தார்.

“அதுக்கு ஆளு இருக்கும்மா. எலய மட்டும் எடுத்துக் கூடையில போடுங்க. இங்க அவங்கவங்க எலய அவங்கவங்கதான் எடுக்கணும்.”

அவ்வளவுதான். கடை மறுபடியும் தின்னப் போய்விட்டது. வேம்பு இலையை மடித்துக் கூடையில் போட்டாள். பாதி மூச்சு திரும்பியது.

அய்யாக்கண்ணுவும் எழுந்தார். இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவி, துண்டால் வாயைத் துடைத்தபடி வாசலுக்கு நடந்தார். அவர் வீட்டு விசேஷங்களில் இலைகளை வாரிப் போட்டவள் வேம்புவின் மாமியார் ஆண்டாயி.

“ஐயா!” அதே குரல், அதே உரப்பு. “எல!”

அய்யாக்கண்ணு நின்றார். கடை மறுபடி திரும்பியது. ராசாங்கம் பாட்டுக்குச் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணு திரும்பி வந்து, இலையை இரண்டு விரலால் தூக்கி, வேம்பு போட்ட இலைக்கு மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

வேம்புக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்தது போலிருந்தது. கழுவிய கையோடு வந்து மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை பெஞ்சின் நடுவில்.

“இன்னும் ரெண்டு சொல்லு மாமா.”

“இப்பத்தான தின்ன?”

“எங்க தின்னேன்? முழுங்குனேன்.”