சர்க்கரை போடாத நஞ்சு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மணவாளனுக்குக் கெட்டவனாக நடிக்க வரவில்லை. நாடகத்தில் அவர்தான் தளபதி. நல்லவனான தளபதியின் மனதை அமைச்சர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, மன்னனுக்கு நஞ்சு கலந்த பாலைக் கொடுக்க வைக்க வேண்டும். மன்னனாக நடித்தவர் மணவாளனின் சொந்த மாமனார் சடையப்பன்.

ஒத்திகையில் மணவாளன் டம்ளரை இரண்டு கையாலும் பணிவாக நீட்டி, "சக்கர போடல மாமா, தைரியமா குடிங்க," என்றார்.

நாடகத்தை எழுதி இயக்கிய கல்லூரி ஆசிரியை இசைவாணி தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நீங்க அவரக் கொல்லப் போறீங்க."

"தெரியுது மேடம். அவரு முகத்தப் பாத்தா மனசு வரல."

இசைவாணி, அமைச்சராக நடித்த கண்ணாயிரத்தைத் தனியே அழைத்தார். "மேடையில மட்டும் கெடுத்தா இவருக்குப் பத்தாது. வெளியிலயும் கொஞ்சம் கெடுங்க."

கண்ணாயிரம் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் டீக்கடையிலேயே ஆரம்பித்தார்.

"மச்சான், ஒன் மீச பல்லு தேய்க்கிற பிரஷ் மாரி இருக்குன்னு ஒன் மாமனாரு சொல்றாரு."

"அவரு அப்புடிலாம் பேச மாட்டாரு."

"நீ எடுத்த போட்டோவுல அவருக்குக் கழுத்தே இல்லியாம். அதையும் சொல்றாரு."

மணவாளன் டீயைக் கீழே வைத்தார். மீசையைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார். தொழிலைச் சொன்னது உள்ளே போய்த் தைத்துவிட்டது. அன்று மதியம் மாமனார் சாப்பிட வந்தபோது ஃபேனை ஒன்றில் வைத்தார். சாப்பாட்டில் கடைசி அப்பளத்தை அவர் கண்ணெதிரிலேயே எடுத்து நொறுக்கித் தின்றார்.

"ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி அமராவதி.

தனக்குள் ஒரு கொடியவன் வளர்வதை மணவாளன் கொஞ்சம் பெருமையோடு உணர்ந்தார்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கலை விழாவில் நாடகம் அரங்கேறியது. தளபதி கண் சிவக்க வந்து டம்ளரை ஒற்றைக் கையால் நீட்டியதும் இசைவாணிக்குப் புல்லரித்தது. மன்னர் ஒரே மடக்கில் குடித்தார். பாலில் பாகற்காய்ச் சாறு கலந்திருந்தது.

சாக வேண்டிய மன்னர் எழுந்து நின்றார். "எவன்யா இதுல பாவக்கா புழிஞ்சது?"

அந்த முகத்தைக் கண்டதும் கொடியவன் ஓடிப்போனான். மணவாளன் காலில் விழுந்தார். "மன்னிச்சிருங்க மாமா. இவருதான் ஏத்திவுட்டாரு. என் மீசைய பிரஷ்ஷுன்னு நீங்க சொன்னதா..."

மன்னர் அமைச்சர் பக்கம் திரும்பினார். "ஒன்கிட்டதான சொன்னேன். அவர்கிட்ட போயி சொல்லச் சொன்னனா?"

"அப்ப கழுத்து?" என்றார் மணவாளன், விழுந்த இடத்திலிருந்தே.

"அத நான் சொல்லல மாப்ள. எனக்குக் கழுத்து பொறந்ததுலேருந்தே கெடையாது."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. இசைவாணி திரையை இழுத்து மூடினார். விழாவுக்குத் தலைமை தாங்கியவர் மேடைக்கு வந்து, இவ்வளவு நல்ல நகைச்சுவை நாடகத்தைப் பார்த்ததே இல்லை என்று இசைவாணிக்குச் சால்வை போர்த்தினார். இசைவாணி நன்றி என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாயிரம் பின்சீட்டில் தனியே உட்கார்ந்திருந்தார். சடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், அவனக் கூப்புடுங்க மாப்ள. பேச்சுத் தொணைக்கு ஆவும்."

கண்ணாயிரம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டுக்கு மாறிய மணவாளன் கண்ணயர்ந்தார். புதுச்சத்திரம் தாண்டியபோது விழித்துத் திரும்பிப் பார்த்தார். கண்ணாயிரம் சடையப்பனின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சடையப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, மெல்ல நிமிர்ந்து, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.